பாட்டுப் புத்தகத்தைப் பெட்டியில் பூட்டியது போதும்

பழைய பாட்டு விஷயத்தில் நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். ஆனால் எங்கேயும் எதையும் எழுதி வைக்கமாட்டோம். டீக்கடை ரேடியோவில் ஒரு பாட்டு வந்துவிட்டால் போதும். படம் என்ன, இசை யார், எழுதியது கண்ணதாசனா மருதகாசியா, தட்டில் பாடியவரும் படத்தில் பாடியவரும் ஒருவர்தானா என்று அரை மணி நேரம் சண்டை நடக்கும். ஜெயித்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போவார். அவர் சொன்னது சரிதான் என்பதற்கான அத்தாட்சி அவர் வீட்டுப் பரண்மேல் தகரப் பெட்டிக்குள் கிடக்கும். அதை யாருக்கும் காட்டமாட்டார்.

இப்படிப் பூட்டி வைத்திருப்பவர்களிடம் சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன். பல வருஷமாகப் பாட்டுப் புத்தகம் சேர்க்கிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. அதை ஆரம்பத்தில் தூக்கி நிறுத்தியவர் இலங்கைத் தமிழரான இ. மயூரநாதன். சம்பளம் இல்லை, விளம்பர வருமானம் இல்லை. எங்கெங்கோ இருக்கிற தமிழர்கள் ஓய்வு நேரத்தில் எழுதிச் சேர்த்தது அது. அதில் நம் பழைய படங்கள் பலவற்றுக்குத் தனித்தனிப் பக்கம் போட்டிருக்கிறார்கள். 1931 தொடங்கி வருஷவாரியாகப் பட்டியலும் இருக்கிறது. திறந்து பாருங்கள். எத்தனையோ பக்கங்களில் இன்ன வருஷம் வந்த படம், இன்னார் இயக்கியது, இன்னார் நடித்தது என்று இரண்டே வரி. பாட்டுப் பட்டியல் இருக்காது, எழுதியவர் பெயர் இருக்காது. மனைக்கட்டு வாங்கிக் கடைக்கால் போட்டுவிட்டு வெளிநாடு போனவர் நிலத்தைப் போல அந்தப் பக்கங்கள் கிடக்கின்றன.

பாட்டுத் தட்டுகளின் கதையும் அதேதான். உலகம் முழுக்க இசைத்தட்டு சேர்ப்பவர்கள் தாங்களே தகவல் எழுதி நிரப்புகிற இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று மியூசிக்பிரெய்ன்ஸ், மற்றொன்று டிஸ்காக்ஸ். இரண்டும் 2000-ஆம் ஆண்டு வாக்கில் பிறந்தவை. வெள்ளைக்காரப் பாட்டு என்றால் தட்டு எண், அச்சான ஊர், உறையின் படம் என்று ஒன்று விடாமல் இருக்கிறது. நம் 78 சுற்றுத் தட்டுகளைத் தேடினால் அங்கொன்று இங்கொன்று கிடைக்கும். கிடைப்பதிலும் பாதி விவரம் இராது. கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே போக நமக்குத்தான் சோம்பல்.

இதில் என்ன குடிமுழுகிப் போச்சு என்று கேட்பீர்கள்.

பாட்டுப் புத்தகம் என்னவென்று நமக்குத் தெரியும், பேரப் பிள்ளைகளுக்குத் தெரியாது. டெண்டுக் கொட்டகையில் முறுக்கு விற்கிற பையனே அதையும் விற்பான். முன்பு அணாக் கணக்கு, அப்புறம் பைசாக் கணக்கு. மேலட்டையில் கதாநாயகன், நாயகி படம். உள்ளே நடிகர்கள் பெயர், தொழில்நுட்பக்காரர்கள் பெயர், கதைச் சுருக்கம். நெருக்கடியான கட்டம் வந்ததும் மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று நிறுத்திவிடுவார்கள். பிறகு வரிசையாகப் பாட்டுகள், சிலவற்றில் ராகம் தாளத்தோடு. பவளக்கொடி 1934-இல் வந்தபோது ஐம்பது பாட்டு. புத்தகம் இல்லாமல் அத்தனையையும் யார் நினைவில் வைத்துக்கொள்வது?

அந்தப் படங்கள் பலவற்றுக்கு இன்றைக்குப் பிரதியே இல்லை. முதல் தமிழ்ப் பேசும் படம் என்று கொண்டாடுகிற 1931 காளிதாஸ் இல்லை. அதில் கதாநாயகியாக நடித்த டி.பி. ராஜலட்சுமி 1936-இல் தானே இயக்கிய மிஸ் கமலா இல்லை. தென்னிந்தியாவில் படம் இயக்கிய முதல் பெண்மணி அவர். அவர் இயக்கிய படத்தைப் பார்க்க நமக்குக் கொடுத்து வைக்கவில்லை. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும், தீப்பிடிக்காவிட்டால் மக்கிப் பொடியாகும். 2003-இல் புனேயில் நடந்த ஒரே தீ விபத்தில் எத்தனையோ பழைய இந்தியப் படங்களின் பிரதிகள் போய்விட்டன. படம் போன பிறகு மிஞ்சுவது பத்திரிகை விளம்பரம், விமர்சனம், சில புகைப்படங்கள், அப்புறம் இந்தப் பாட்டுப் புத்தகம். கதை என்ன, யார் என்ன வேஷம், எத்தனை பாட்டு என்பதற்கு அதைவிட நெருக்கமான சாட்சி வேறு கிடையாது. அந்தச் சாட்சிதான் உங்கள் தகரப் பெட்டியில் வாயைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறது.

அடுத்தது, தப்புத் தகவல். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அறிவிப்பாளர் பாட்டுக்கு முன்னால் படம், பாடியவர், எழுதியவர், இசை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் தட்டை ஓடவிடுவார். இன்றைக்கு போனில் பாட்டு கேட்கிற செயலிகள் எழுதியவர் பெயரைச் சொன்னால் அதிசயம், சரியாகச் சொன்னால் பேரதிசயம். தத்துவப் பாட்டு என்றால் கண்ணதாசன் தலையில் கட்டிவிடுகிறார்கள். பணம் படைத்தவன் படத்தில் டி.எம்.எஸ். பாடிய அந்தப் புகழ்பெற்ற புத்திமதிப் பாட்டு வாலி எழுதியது. எத்தனை பேர் ஒத்துக்கொள்கிறார்கள்? படகோட்டியின் பாட்டுகள் அத்தனையும் வாலி. அதிலும் ஒன்றிரண்டைக் கண்ணதாசன் கணக்கில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு செயலிக்கு நான் மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் இயந்திரம்தான் பதில் போட்டது. உங்கள் கருத்துக்கு நன்றியாம். தப்பு அப்படியே இருக்கிறது.

இன்னும் நுட்பமான விஷயங்கள் உண்டு. 1945-இல் வந்த ஏவி.எம்.மின் ஸ்ரீவள்ளியில் வள்ளியாக நடித்தவர் குமாரி ருக்மணி. படம் வெளியான பிறகு அவர் பாட்டுகளை எடுத்துவிட்டு பி.ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார்கள். ஒரே படம், இரண்டு குரல். ஒரே பெயரில் வந்த வேறு வேறு படங்களின் குழப்பம் தனி. எம்.எஸ். நடித்த மீரா 1945, விக்ரம் நடித்த மீரா 1992. பாகவதரின் திருநீலகண்டர் 1939, அதே பெயரில் இன்னொன்று 1972. பெயரை வைத்துத் தேடுகிற இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவதுதான் எனக்கு அதிக வருத்தம். நம் பக்கத்து ஊர்களில் பாட்டுத் தட்டுகளைக் காப்பாற்றியது பணக்காரர்கள் அல்ல, மைக் செட்காரர்கள். கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றுகிற திருவிழா, உருஸ் எல்லாவற்றுக்கும் கூம்பு ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்டவர்கள். இந்துக் கல்யாணத்தில் சீர்காழி, முஸ்லிம் கல்யாணத்தில் நாகூர் ஹனிபா, கட்சிக் கூட்டத்தில் கட்சிப் பாட்டு. கட்டபொம்மன் வசனத் தட்டை ஊரே மனப்பாடமாகச் சொல்லும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் போனால் உருதுத் தட்டுகளும் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு செட்காரரிடமும் ஒரு நீள நோட்டு இருக்கும். தட்டின்மேல் ஒட்டிய எண்ணும், நோட்டில் அதே எண்ணுக்கு நேராகப் பாட்டும் படமும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் நாம் வைத்திருந்த தகவல் தளம் அதுதான் ஐயா.

வாணியம்பாடிப் பக்கம் அப்படி ஒரு செட்காரர் காலமான பிறகு, பிள்ளைகள் வீட்டைக் காலி செய்வதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். மரப்பெட்டியையும் பித்தளைச் சாமான்களையும் பழைய இரும்புக்காரன் எடுத்துக்கொண்டுவிட்டான். அரக்குத் தட்டு எடைக்கு ஆகாது என்று கொல்லையில் கொட்டிவிட்டுப் போயிருந்தான். முக்கால்வாசி உடைந்து கிடந்தது. நோட்டு பழைய பேப்பரோடு முதல் நாளே போய்விட்டது. பிள்ளைகளைக் குறை சொல்லமாட்டேன். அது என்னவென்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சினிமாப் பாட்டையாவது யாராவது தேடிப் பிடிப்பார்கள். அந்த ஊர்க் கட்சிப் பாட்டையும் நாடகத் தட்டையும் உருதுப் பாட்டையும் இனி யார் பட்டியல் போடுவது?

இதைச் சொன்னால் நண்பர்கள் வழக்கமாகச் சில பதில்கள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எல்லாம் யூடியூபில் இருக்கிறதே என்கிறார்கள். பாட்டு இருக்கிறது. அதன் பிறப்புச் சான்றிதழ் இல்லை. யார் பாடியது, எந்தத் தட்டு, எந்த வருஷம் என்பதைப் போடுகிறவர் காதில் விழுந்தபடி எழுதுகிறார். அதைப் பார்த்து இன்னொருவர் எழுதுகிறார். பத்துப் பேர் எழுதிவிட்டால் பொய் நிஜமாகிவிடுகிறது.

அரசாங்கம் செய்யட்டும் என்கிறார்கள். பிலிம் நியூஸ் ஆனந்தன் என்ற ஒரு மனிதர் தன்னந்தனியாக ஆயுள் முழுவதும் படங்களையும் தகவல்களையும் சேர்த்தார். அவர் சேகரிப்பை அரசு வாங்கிக்கொண்டது. சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு என்ற பெரிய புத்தகமும் 2004-இல் வந்தது. அவர் 2016-இல் மறைந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரும் அப்படித்தான். விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர். பழைய புத்தகம், நோட்டீசு, பாட்டுப் புத்தகம் என்று வீடு நிறையச் சேர்த்தார். அவர் 1992-இல் இறந்த பிறகு அதன் அருமை தெரிந்து வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். நல்லவேளையாக அமெரிக்காவுக்குத் தூக்கிப் போகாமல் சென்னையிலேயே நூலகம் ஆக்கினார்கள். இரண்டிலும் ஒரு தனி ஆள் முதலில் செய்தார், நிறுவனம் பின்னால் வந்தது. தனி ஆள் ஒன்றும் செய்யாத இடத்துக்கு எந்த அரசாங்கமும் வராது.

விவரத்தை வெளியே விட்டால் சேகரிப்பின் மதிப்புக் குறையும் என்கிறார் ஒருவர். பெட்டியைக் கொடுக்கச் சொல்லவில்லையே! மேலட்டையையும் பெயர்ப் பட்டியல் பக்கத்தையும் பார்த்து எழுதத்தான் சொல்கிறேன். பட்டியலில் ஏறிய பொருளைத்தான் அபூர்வம் என்று நிரூபிக்க முடியும். யாருக்கும் தெரியாத பொருள் அபூர்வம் அல்ல, குப்பை. உங்கள் காலத்துக்குப் பிறகு உங்கள் மருமகளும் அப்படித்தான் நினைப்பாள்.

காப்புரிமைச் சட்டம் இருக்கிறதே என்று ஒரு வக்கீல் நண்பர் பயமுறுத்தினார். நியாயமான கேள்வி. நம் நாட்டில் பாட்டெழுதியவர் இறந்த பிறகு 60 வருஷம், இசைத்தட்டு வெளியான பிறகு 60 வருஷம் உரிமை உண்டு. பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்தார். அவர் வரிகளை 2033 முடிகிற வரை அனுமதியில்லாமல் ஏற்றக்கூடாது. பட்டுக்கோட்டையார் 1959-இல் போய்விட்டார், அவர் வரிகளுக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் இன்ன பாட்டை இன்னார் எழுதினார், இன்ன எண் தட்டில் வந்தது என்பது வெறும் செய்தி. செய்திக்கு யாரும் பட்டா வாங்க முடியாது. பாட்டு வரிகளை ஏற்றவேண்டாம், விவரங்களை ஏற்றுங்கள்.

நாம் எழுதினால் விக்கிப்பீடியாக்காரர்கள் அழித்துவிடுகிறார்கள் என்று இன்னொரு புகார். எனக்குத் தெரியும், நான் சொல்கிறேன் என்று எழுதினால் அழிக்கத்தான் செய்வார்கள். அங்கே ஆதாரம் கேட்கிறார்கள். பாட்டுப் புத்தகத்தின் பெயர், அச்சகம், வருஷம், பக்கம் இவற்றைக் குறித்துவிட்டால் அதுவே ஆதாரம். டீக்கடை வாதத்துக்கும் பட்டியலுக்கும் வித்தியாசம் அதுதான். பாட்டுப் புத்தகமும் வேதவாக்கு அல்ல. படம் வெளியாகும் முன்பே அச்சடித்துவிடுவதால், படத்திலிருந்து வெட்டிய பாட்டும் அதில் இருக்கும். அப்போது புத்தகத்தில் உண்டு, படத்தில் இல்லை என்று இரண்டையும் எழுதவேண்டும். வெட்டுப்பட்ட பாட்டைப் பற்றி அறிய வேறு வழி ஏது?

நமக்கு ஒன்று தெரியவேண்டும். எங்கே எழுதுகிறோம் என்பதும் முக்கியம். சி.டி. காலத்தில் கம்ப்யூட்டரில் தட்டைப் போட்டதும் பாட்டுப் பெயர்கள் திரையில் வரும். அந்தப் பெயர்கள் பெரும்பாலான சி.டி.க்குள் கிடையாது. ஒவ்வொரு பாட்டும் எத்தனை வினாடி என்ற கணக்கை வைத்து, சி.டி.டி.பி. என்ற பொதுப் பட்டியலில் தேடி எடுக்கும். அந்தப் பட்டியலை உலகம் முழுக்க ரசிகர்கள் இலவசமாகத் தட்டச்சு செய்து நிரப்பினார்கள். 1998-இல் அது ஒரு கம்பெனிக்குக் கைமாறியது. கொஞ்ச நாளில் உரிமம் வாங்காதவர்களுக்குக் கதவை அடைத்தார்கள். ஊரார் வெட்டிய குளத்துக்கு ஒருவர் பூட்டுப் போட்ட கதை. கோபப்பட்டவர்கள் ஃப்ரீடிபி என்று இன்னொன்றை வளர்த்தார்கள். யார் வேண்டுமானாலும் முழுசாக நகல் எடுக்கலாம் என்ற உரிமத்தோடு வளர்த்ததுதான் அவர்கள் புத்திசாலித்தனம். 2020-இல் அதுவும் மூடப்பட்டபோது பட்டியல் சாகவில்லை. குனூடிபி என்ற பெயரில் வேறு ஆட்கள் அதைத் தூக்கிக்கொண்டார்கள். ஆகவே முகநூல் குழுவில் போடாதீர்கள், வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள். எவரும் நகல் எடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிற இடத்தில் போடுங்கள். விக்கிப்பீடியாவும் மியூசிக்பிரெய்ன்சும் அப்படிப்பட்டவை. டிஸ்காக்ஸ் ஒரு கம்பெனியுடையது என்றாலும் பட்டியலை நகல் எடுக்க விடுகிறது.

பட்டியல் போடுவதெல்லாம் ஒரு வேலையா என்று இளக்காரமாகக் கேட்பவர்களைக் காவலூருக்கு அனுப்புவேன். நம் ஆலங்காயம் வழியாகத்தானே அந்த மலைக்கு ஏறுகிறார்கள். அங்கே 1988 பிப்ரவரியில் ஆர். ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்குக் கணித மேதை பெயரால் 4130 ராமானுஜன் என்று பெயர். அது புதிசு என்று எப்படித் தெரிந்தது? ஏற்கெனவே தெரிந்தவை அத்தனையும் பட்டியலில் இருந்ததால் தெரிந்தது. ஒளி கூடிக் குறைகிற நட்சத்திரங்களைப் பார்த்துக் குறித்து வைக்க 1911-இல் அமெரிக்காவில் ஒரு சங்கம் வைத்தார்கள். பெரும்பாலும் பொழுதுபோக்காகப் பார்க்கிறவர்கள்தான். அவர்கள் குறித்ததை இன்றைக்கும் பெரிய விஞ்ஞானிகள் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். தோல் தொழிலில் இருந்தவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். தரம் பிரித்து, கட்டுக் கட்டி, கணக்கு எழுதாத சரக்கை யார் வாங்குவார்கள்?

வயதாகிவிட்டது, கம்ப்யூட்டர் தெரியாது என்பதுதான் கடைசி சாக்கு. தெரியவேண்டாம். பேரனிடம் போனைக் கொடுத்து மேலட்டையைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு நோட்டில் படம், வருஷம், கம்பெனி, பாட்டு எழுதியவர், இசை, பாடியவர், அச்சகம் என்று கட்டம் போடுங்கள். தட்டு என்றால் நடுவில் ஒட்டிய காகிதத்தில் இருக்கிற கம்பெனி எண்ணையும், பள்ளம் முடிகிற இடத்தில் அரக்கில் பதிந்திருக்கிற எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். கண் தெரியாவிட்டால் பேத்தி படிக்கட்டும். தெரியாத கட்டத்தைக் காலியாக விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். வாரத்துக்குப் பத்து என்றால் வருஷத்துக்கு ஐந்நூற்றுக்கு மேல். ஏற்றுகிற வேலையைச் சின்னப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். அவர்களுக்குக் கை இருக்கிறது, விஷயம் நம்மிடம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் வீட்டுத் திண்ணையில்தான் இருப்பேன். ஆலங்காயம், வாணியம்பாடி, திருப்பத்தூர், ஆம்பூர் எங்கிருந்து வந்தாலும் சரி. பெட்டியோடு வாருங்கள், பெட்டியோடு திரும்பிப் போகலாம். எழுதிய விவரம் மட்டும் இங்கே தங்கட்டும். வாலியா கண்ணதாசனா என்ற சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம். அதற்கும் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள்.